ஒரே ஒரு நிமிஷம், நடுவர் அவர்களே

மைக்கை ஊதிப் பார்ப்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. தட்டிப் பார்ப்பவர்களையும்தான். வேலை செய்யாத மைக்கையா மேடையில் கொண்டுபோய் வைப்பேன்? அடி அண்ணாமலையில் மைக் செட் கடை வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இத்தனை காலத்தில் ஊதாமல், தட்டாமல், நேராகப் பேச ஆரம்பித்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் மாறன் அண்ணன். இன்னொருவர் அவருடைய மனைவி மதிவதனி அண்ணி. அவர்கள் நிகழ்ச்சி என்றால் இருப்பதிலேயே நல்ல மைக்கைத் துடைத்து எடுத்து வைப்பேன்.

அண்ணன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அண்ணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சாயந்திரமானால் இரண்டு பேரும் பட்டிமன்றப் பேச்சாளர்கள். பெரிய பேச்சாளர்கள் என்று சொல்ல மாட்டேன். டிவியில் வந்ததில்லை. போளூர், செங்கம், கலசபாக்கம் என்று கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, பொங்கல் விழா, அவ்வளவுதான். ஆனால் எந்தத் தலைப்பாக இருந்தாலும் இரண்டு பேரும் எதிரெதிர் அணியில்தான் உட்காருவார்கள். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட மனுஷன், 'பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணமே சிறந்தது' என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். அண்ணி எழுந்து, "நடுவர் அவர்களே, இவரு என்கிட்ட லெட்டர் குடுக்கறதுக்காக, நான் எறங்க வேண்டிய ஸ்டாப்புல விசிலே அடிக்காம விட்டாரு. அன்னைக்கு நான் நடந்தே வீட்டுக்குப் போனேன்" என்பார். கூட்டம் விசில் அடிக்கும். அண்ணன் வீட்டில்கூட அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'எதிரணித் தலைவி' என்றுதான் கூப்பிடுவார்.

நடுவர் மேஜையில் இருக்கும் தட்டு மணி என் பெட்டியில்தான் வரும். நேரம் முடிந்ததும் நடுவர் அதைத் தட்டுவார். அந்த மணியை வைத்தே இரண்டு பேரையும் எடை போட்டுவிடலாம். மணி அடித்த அந்த நொடியில் அண்ணன் நிறுத்திவிடுவார். பாதி வாக்கியம் என்றால் பாதி வாக்கியத்தில். கைதட்டல் வாங்கப்போகிற இடமாக இருந்தாலும் சரி, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஏன் அண்ணே, இன்னும் ஒரு வரி சொன்னால் குடியா முழுகிப் போகும் என்று ஒருமுறை கேட்டேன்.

"வேடி, ஒரு விசில் குடுத்தா வண்டி நிக்கணும்டா. டிரைவர் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கிறேன்னா, எறங்க வேண்டியவன் எங்க எறங்குவான்?" என்றார்.

அண்ணி அப்படியே நேர்மாறு. மணி அடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சே வரும். "ஒரே ஒரு நிமிஷம், நடுவர் அவர்களே" என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் நான் போய் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். மறுபடி மணி அடித்தால் மறுபடி ஒரே ஒரு நிமிஷம். அந்த வார்த்தைக்காகவே ஜனங்கள் காத்திருப்பார்கள். அவர் சொன்னதும் கூட்டமே சேர்ந்து சிரிக்கும். நிகழ்ச்சி முடிந்து இருவரும் மொபெட்டில் போகும்போது நான் பின்னாலேயே சாமான் வண்டியில் வருவேன். மேடையில் விட்ட இடத்திலிருந்து வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கும். கிரிவலப் பாதையில் எங்காவது சுக்குக் காப்பி குடிக்க நிறுத்தினாலும் ஓயாது. அத்தனை சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. என் வீட்டில் சண்டை என்றால் வெறும் சண்டைதான்.

தண்டராம்பட்டில் ஒரு பள்ளி ஆண்டு விழா. அண்ணன் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். வழக்கம்போல் நேரம் முடிந்ததும் நிறுத்திவிட்டார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அண்ணி மட்டும் நடுவர் மேஜையைப் பார்த்தார். மணி அடிக்கவே இல்லை. அண்ணனுக்கு நாக்கு எழும்பவில்லை.

தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருகிற நோய் என்றார்கள். மருந்து கிடையாது. முதலில் பேச்சு போயிற்று, பிறகு கை கால். அறிவு மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவர் சொன்னபடி கேட்டது. அதை வைத்து செல்போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். போன் அதைப் படித்துச் சொல்லும். செய்தி வாசிக்கும் பெண் மாதிரி ஒரு குரல். 'எனக்கு முதுகு அரிக்கிறது' என்பதைக்கூட மழை நிலவரம் போலச் சொல்லும். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்ட தொண்டை அண்ணனுடையது. அந்தப் போனை நான் வெறுத்தேன்.

போன ஆடி மாசம் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்த் திரும்பிக் கொண்டுவந்தோம். மூக்கில் மாட்டும் மூச்சு மெஷின் வீட்டுக்கு வந்தது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த தடவை இது போதாது, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து முழு மெஷினில் இணைக்க வேண்டும். வைத்தால் வருஷக்கணக்கில்கூட இருக்கலாம், ஆனால் நோய் முற்ற முற்ற அந்த விரலும் போய்விடும். வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு, மூச்சு முட்டாமல், வலிக்காமல் பார்த்துக்கொள்வோம், இரண்டு பேரும் இப்போதே பேசி முடிவெடுங்கள் என்றார்.

அண்ணன் அங்கேயே தட்டினார். "குழாய் வேணாம்."

அண்ணி, "வெப்போம் டாக்டர்" என்றார்.

அண்ணன் ஒருவர் சொன்னதே போதும், டாக்டர் ஏற்றுக்கொண்டிருப்பார். ஆனால் அதற்கு அண்ணனே ஒத்துக்கொள்ளவில்லை. "எதிரணி சம்மதிக்காம தீர்ப்பு வேணாம்" என்று தட்டிவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகள் நந்தினி வந்து அழுதுவிட்டு, அம்மா சொல்வதுதான் முடிவு என்று போய்விட்டாள். எல்லாம் அண்ணி தலையில் வந்து விழுந்தது.

அந்தச் சமயம்தான், பல வருஷமாக நினைவில்லாமல் கிடந்த ஒரு பையனின் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தக் கோர்ட்டு அனுமதித்த செய்தி பேப்பரில் வந்தது. டீக்கடையில் அதே பேச்சு. பெற்றவர்களே இப்படிக் கேட்பார்களா என்று ஒருவன், நீ போய் அப்படிப் படுத்துப் பார் என்று இன்னொருவன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அப்பாசாமி ஐயாதான் எங்கள் பக்கத்து நிரந்தர நடுவர். அவருக்கு ஒரு யோசனை. நூலக வாசகர் வட்ட விழாவில் இதையே பட்டிமன்றமாக வைத்தால் என்ன? மீள முடியாத நோயாளி மருத்துவர் உதவியோடு சாக விரும்பினால் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா. அண்ணியிடம் வந்து 'கூடாது' அணிக்குத் தலைமை தாங்கச் சொன்னார்.

நானும் அப்போது அங்கே இருந்தேன். அண்ணி தலையாட்டுவதற்குள் போன் பேசியது. "அவங்க 'அனுமதிக்கலாம்' அணியில பேசட்டும். அது என் இடம். நான் இருந்தா நான்தான் பேசுவேன்."

அண்ணிக்கு வந்ததே கோபம். "உன் வாயால எனக்கு விடை குடுன்னு கேக்கறீங்க, இல்ல? மேடை போட்டு, மைக்கு வெச்சு, ஊரைக் கூட்டி?" என்று சமையலறைக்குள் போனவர், இரண்டு நாள் அண்ணனிடம் பேசவில்லை. கஞ்சி கொடுப்பார், துடைத்துவிடுவார், திருப்பிப் படுக்கவைப்பார், ஒரு வார்த்தை கிடையாது. அந்த வீடு அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சரி, பேசறேன். ஆனா பாயிண்டு நீங்கதான் குடுக்கணும். ஒவ்வொண்ணையும் நான் ஒடைப்பேன். ஒடையாததை மட்டும்தான் மேடைக்கு எடுத்துக்குவேன்."

அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தது. அண்ணி ஒன்று சொல்வார். அண்ணன் பதில் தட்ட வெகுநேரம் ஆகும். நாங்கள் காத்திருப்போம்.

"மெஷின் போட்டா இருப்பீங்க இல்ல? நீங்க இருக்கறதே எனக்குப் போதும்."

விரல் ஊர்ந்தது. போன் சொன்னது: "எனக்குப் பத்தாது."

"சாகறதுக்கு இவ்ளோ அவசரமா?"

"சாகறேன்னு சொல்லல. என் ஸ்டாப்பு வந்தா விசில் அடின்னு சொல்றேன். இந்தத் தடவையாவது."

அண்ணி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். விழா வரைக்கும் தினமும் இதுதான். சத்துணவு வேலை முடிந்ததும் ஓடி வருவார். முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது. ஒருநாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "விழாவைக் கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லேன் வேடி" என்று கெஞ்சினார். அவருக்கு வேண்டியிருந்தது முடிவு இல்லை, அந்த வாக்குவாதம்.

என்னிடம் அண்ணன் பேசிய பழைய ரெக்கார்டிங் நிறைய இருந்தது. போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்பா. அதுல அவரு பாட்டுக்குப் பேசுவாரு. இப்ப நான் சொல்றதுக்கு எதிர்த்துச் சொல்ல மாட்டாரே. எனக்கு அவரு எதிர்க்கணும் வேடி. அந்தக் கொரல்ல ஒரே ஒரு தடவை 'இல்லை, நடுவர் அவர்களே'ன்னு சொல்லக் கேட்டுட்டா போதும்" என்றார். வயர் சுற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

விழா அன்று சாயந்திரம் அண்ணனைச் சக்கர நாற்காலியோடு என் வண்டியில்தான் ஏற்றி வந்தேன். நூலக வாசலில் முன்வரிசை. ஒரு லைன் மைக்குக்கு, ஒரு லைன் அண்ணன் மூச்சு மெஷினுக்கு. இரண்டுக்கும் சேர்த்து பேட்டரி தயாராக வைத்திருந்தேன். அவர் போனையும் ஸ்பீக்கரில் இணைத்துவிட்டேன். அவர் ஏதாவது சொல்ல நினைத்தால் ஊருக்கே கேட்கட்டும்.

எதிரணியில் அறிவுமதி என்ற வக்கீல் தம்பி. நன்றாகவே பேசினான். "ஆஸ்பத்திரிக்குக் கட்ட வழியில்லாதவன் 'நான் செத்துப்போறேன்'னு சொன்னா அது விருப்பமா, நடுவர் அவர்களே? நெலத்துக்காகப் பெத்தவங்க கையைப் புடிச்சு ரேகை வெக்கிற ஊரு இது. இங்க இந்தக் கதவைத் தொறந்தா யாரு யாரைத் தள்ளுவாங்க?" என்றான். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

கடைசியாக அண்ணி எழுந்தார். மைக்கை ஊதவில்லை, தட்டவில்லை.

"எதிரணித் தம்பி சொன்னது நெசம். ஆனா அந்தத் தள்ளுமுள்ளு சட்டம் இல்லாதப்பவும் நடக்குதே, கதவைச் சாத்திக்கிட்டு. வெளிச்சத்துல பத்து பேரு பாக்க நடக்கட்டும்னுதான் கேக்கறோம்" என்று ஆரம்பித்தார். அதெல்லாம் அண்ணன் கொடுத்த பாயிண்டு. அடுத்து வந்தது அண்ணியுடைய சொந்தப் பேச்சு.

"நான் தெனமும் பிள்ளைங்களுக்குச் சோறு போடறவ. வயிறு ரொம்பின பிள்ளை தட்டு மேல கையை வெச்சு மறைக்கும். 'போதும் டீச்சர்'னு சொல்லும். நான் கேக்க மாட்டேன். அந்தக் கையை நகர்த்திட்டு இன்னொரு கரண்டி போடுவேன். பாசம்னு நெனச்சுக்குவேன். அந்தப் பிள்ளை என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே முழுங்கும். வயிறு அதோடது. கரண்டி மட்டும்தான் என்னோடதுன்னு எனக்கு இப்பதான் உறைக்குது. நடுவர் அவர்களே, எனக்கு ஆசை அடங்கல. இன்னும் ஒரு வருஷம், அது ஜாஸ்தின்னா ஒரு மாசம், அவரு என் எதிர்ல உக்காந்து..."

மணி அடித்தது.

கூட்டம் சிரிக்கத் தயாராக இருந்தது. அப்பாசாமி ஐயாவே புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரே ஒரு நிமிஷம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அண்ணி வாயை மூடினார். முன்வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒருவரும் கைதட்டவில்லை. அண்ணனுடைய மூச்சு மெஷின் ஓசை மட்டும் கேட்டது. விரல் ஊர்வதை நான் பார்த்தேன். ஸ்பீக்கரில் அந்தச் செய்திக் குரல் வந்தது.

"நடுவர் அவர்களே, எதிரணித் தலைவிக்கு ஒரே ஒரு நிமிஷம் குடுங்க."

அண்ணி மைக்கிடம் போகவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்து, நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"சரிங்க. குழாய் வேணாம்" என்றார்.

நான் எல்லா மைக்கையும் அணைத்துவிட்டேன். அண்ணி அவர் காதுக்கருகில் குனிந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்பாசாமி ஐயா மணியைத் தொடவில்லை.