மாப்பிள்ளைக்கு நான் வாங்கிய வண்டி

வண்டி வாங்கப் போகிறேன் என்று திருப்பூரில் ஒருவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் யோசனையோடு வந்துவிடுவார்கள். என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் மாதத்துக்கு ஒரு புது வண்டி சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது.

கட்டிங் மாஸ்டர் தென்காசிப் பக்கத்துக்காரர். துணி விரித்த மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, "சார், நான் சொல்லுதேன் கேளுங்க. மைலேஜைப் பாருங்க. மத்ததெல்லாம் வெறும் பெயிண்டுதான்" என்றார்.

கணக்கு எழுதுகிறவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் வேண்டாங்க. நாளைக்கு வித்தா நல்ல வெலைக்குப் போவுமான்னு பாக்கோணுங்க."

"இன்னும் வாங்கவே இல்லைங்களே."

"அதுக்குத்தானுங்க இப்பவே சொல்றேன்."

பேக்கிங்கில் இருந்தவர் கறுப்பு வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்தால், வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வரக் கூடாது என்று என் மனைவி சொன்னாள். எனக்குத் தலை வலித்தது. ஒரு மாதம் இந்தக் கூச்சலிலேயே போயிற்று. இத்தனை பேரில் ஒருவராவது, வண்டியை ஓட்டப் போகிறவர் எவ்வளவு உயரம் என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஆனால் அந்த எரிச்சலை அவர்கள் மேல் காட்ட எனக்கு நியாயம் இல்லை. ஏனென்றால் ஆளுக்கு அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் என் தொழிலே.

நான் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு சட்டைக்கும் முதலில் ஃபிட் சாம்பிள் தைப்போம். அதை ஒரு பொம்மைக்குப் போட்டுப் பார்ப்பேன். அக்குளில் இம்மி பிடித்தாலும், கழுத்து கொஞ்சம் தூக்கினாலும், பிரித்துத் தையுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். என்னால் அழாத டெய்லர் அந்தக் கம்பெனியில் இல்லை. பஞ்சு அடைத்த பொம்மைக்குக் காட்டிய அந்த அக்கறையை என் மகளைக் கட்டப் போகிற மனிதருக்கு நான் காட்டவில்லை.

மாப்பிள்ளை மடத்துக்குளம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருப்பூரில் சொந்தமாக ஒரு சின்னத் தையல் கூடம் வைத்திருந்தார். கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணிக் கட்டுகளை மொபெட்டின் முன்னால் அடுக்கிக்கொண்டு, கட்டுகளுக்கு மேலே தலை மட்டும் தெரிய ஓட்டிப் போவார். நல்ல குள்ளம். என் தோளுக்குத்தான் வருவார். உழைப்பாளி, வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. அவர் வீட்டில் வண்டி கேட்கவே இல்லை. "பொண்ணைக் குடுத்தாப் போதுங்க" என்றுதான் சொன்னார்கள். நான்தான் விடவில்லை. காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் என் சகலை, முந்தின வருடம் தன் மாப்பிள்ளைக்கு நூற்றைம்பது சிசி வண்டி ஒன்றைக் கல்யாண மண்டபத்து வாசலில் மாலை போட்டு நிறுத்தியிருந்தார். அதைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். அதன் பிறகு எனக்கு வேறு வண்டி எதுவும் கண்ணில் படவில்லை.

கடைக்கு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். விற்பனையாளர் அந்தப் பெரிய வண்டியை நடுவில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, "சார் உக்காந்து பாருங்க" என்று அவரைக் கூப்பிட்டார்.

"மாமா உக்காந்து பாத்தாப் போதுங்க" என்றார் மாப்பிள்ளை.

நான் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் அழகாகப் பதிந்தன. கைப்பிடியைத் திருகினேன், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் மாப்பிள்ளையும் தெரிந்தார். சுவர் ஓரமாக நின்ற நூறு சிசி வண்டி ஒன்றின் சீட்டில் கை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உயரம் தன் இடுப்புக்கு எவ்வளவு வருகிறது என்று ஒட்டி நின்று பார்த்தார். அந்த வண்டியில்தான் எங்கள் கம்பெனியில் எனக்குக் கீழே இருந்த செக்கிங் சூப்பர்வைசர்கள் வேலைக்கு வந்தார்கள். நான் கண்ணாடியைச் சற்றே திருப்பி வைத்தேன். பிறகு இறங்கி, "இதையே முடிச்சிருங்க" என்றேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வண்டிக்கு மாலை போட்டோம். சகலை அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பரவால்லீங்களே" என்றார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் மாப்பிள்ளையை நான் பார்க்கவே இல்லை. மகளும் அவரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார்கள். டவுன் பஸ்ஸில் இறங்கி, வெயிலில் நடந்து வருவார்கள்.

"ஏனுங்க மாப்ள, வண்டி என்னாச்சுங்க?"

"நல்லா இருக்குதுங்க மாமா. சர்வீசுக்கு உட்டிருக்குதுங்க."

அடுத்த தடவை, மழை வர்ற மாதிரி இருந்துச்சுங்க. அதற்கடுத்த தடவை, பக்கத்து ஊட்டுக்காரர் அவசரமாக் கேட்டாருங்க. மழை என்று சொன்ன அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஒருநாள் வேறு வேலையாக அவர்கள் தெருப் பக்கம் போனேன். வண்டி வாசல் கொட்டகையில், எக்ஸ்போர்ட்டில் கழித்த பெட்ஷீட் போர்த்தியபடி நின்றது. மாப்பிள்ளை மொபெட்டில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குங்க அப்புறம்?" என்று பெட்ஷீட்டைக் காட்டினேன்.

"கட்டு ஏத்தறதுக்கு மொபெட்டுதானுங்க தோது. அது விசேசத்துக்குங்க மாமா."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். "உன்ற மாப்பிள்ளைக்கு நான் குடுத்தது பத்தலை. காரு எதிர்பார்த்திருக்கார் போல."

"அவருகிட்டயே கேக்கறதுதானுங்க."

"கேட்டா நல்லா இருக்குதுங்கறார். வேற வார்த்தையே அந்த மனுசன் வாயில வராது."

மரியாதையான ஆட்களோடு சண்டை போடுவது போலச் சலிப்பு வேறு இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு முனை கிடைக்காது.

சகலை காங்கேயத்தில் புது வீடு கட்டிக் குடி புகுந்தார். முந்தின நாள் நான் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வண்டியிலதான் வரோணுங்க. நாலு பேரு கேப்பாங்க" என்றேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேட்டார். பிறகு, "சரிங்க மாமா" என்றார்.

காலையில் மகளும் மாப்பிள்ளையும் வண்டியில் முன்னே போக, நானும் மனைவியும் என் ஸ்கூட்டரில் பின்னால் போனோம். மகள் பட்டுச்சேலை கட்டி ஒருபக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஓடும்போது வண்டி நன்றாகத்தான் ஓடியது. நிற்கும்போதுதான் விநோதமாக இருந்தது. சிக்னலில் எல்லோரும் நடுச் சாலையில் நிற்க, அவர் மட்டும் ஓரமாக ஒதுங்கிப் போய் நடைபாதைக் கல்லில் ஒரு காலை வைத்து நின்றார். ஒரு கடைவீதியில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் இந்த மனுசன் அக்கட்டால ஓரமாவே போறார்?" என்று நான் அலுத்துக்கொண்டேன்.

படியூர் தாண்டி, ஒரு தேங்காய்க் களத்துக்குள் லாரி ஒன்று பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது. சாலை முழுவதும் அடைத்து எல்லா வண்டிகளும் நின்றன. அங்கே கல் இல்லை, கம்பம் இல்லை. அவர் ஒதுங்கிய இடம் வலப்பக்கமாகச் சரிந்திருந்தது. மாப்பிள்ளை நிறுத்தினார். வலது கால் விரல் நுனி தரையைத் தேடியதைப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. அவ்வளவு கனத்தை அவரால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. மகள் பின்புறமாகச் சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். வண்டி அவர் கால் மேல் விழுந்தது. சூடான சைலன்சர் கெண்டைக்காலில் பட்டுக்கொண்டிருந்தது.

நாலைந்து பேர் ஓடி வந்து தூக்கினோம். வேட்டி கருகி, தோல் உரிந்திருந்தது. அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "ஒண்ணுமில்லீங்க மாமா. வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்திருந்தது. உள்ளங்கை இரண்டிலும் மண்ணும் ரத்தமுமாக என் முன்னால் வந்து நின்றாள்.

"அவருக்குக் காலு எட்டறதில்லீங்கப்பா. வாங்குன நாள்ல இருந்தே எட்டறதில்லை."

"சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொன்னா உங்க மனசு சங்கடப்படுமாம். என்னையும் சொல்ல உடலை." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "கடையில நீங்களும் கூடத்தானுங்க இருந்தீங்க. பாக்கலீங்களா?"

"இல்லை சாமி. கவனிக்கலை" என்றேன்.

மாப்பிள்ளை குனிந்து வேட்டியை உதறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் கட்டுகளை மகள்தான் மொபெட்டில் எடுத்துப் போய்க் கொடுத்து வாங்கி வந்தாள். கால் சரியானதும் நானே போய், "வண்டியை மாத்திரலாங்க மாப்ள" என்று அவரைக் கூட்டிக்கொண்டு பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு இடத்துக்குப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வண்டிகள் நின்றன. நான் பழக்கதோஷத்தில் ஒன்றைக் காட்டி, "இது எப்படிங்க?" என்றேன்.

"மாமா உக்காந்து பாருங்க" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் உக்கார மாட்டனுங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "அன்னைக்கு நீங்க சின்ன வண்டி மேல கை வெச்சுப் பாத்தீங்க. நான் கண்ணாடியில பாத்தனுங்க. பாத்துட்டுத்தான் பெரிசை வாங்குனேன்" என்றேன்.

"தெரியுங்க மாமா" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"கண்ணாடியில நீங்க எனக்குத் தெரிஞ்சா, நானும் உங்களுக்குத் தெரியோணுமில்லீங்க. அப்புறம் நீங்க அதைத் திருப்புனீங்க."

அப்படியென்றால், படியூர்ச் சாலையில் என் மகளிடம் நான் சொன்னது பொய் என்று தெரிந்துதான் அவர் வேட்டியை உதறிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்க விடவில்லை. நான் காட்டிய வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார். பாதம் பதிந்தது. இடுப்பை அசைத்தார், இறங்கினார்.

"இது வேண்டாங்க மாமா. கைப்பிடிக்கு ரொம்பக் கைய நீட்ட வேண்டியிருக்குது."

அவர் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வழி திறந்துவிட்டது போலிருக்கிறது, அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஒன்றில் சீட் சரிவாக இருந்தது, கட்டு வைத்தால் நழுவுமாம். ஒன்றில் என் மகள் கால் வைக்கும் கம்பி மேலே தூக்கி இருக்கிறதாம். ஒன்றை நிறுத்தி, தள்ளி, திருப்பி, மறுபடி நிறுத்திப் பார்த்துவிட்டு, முன்பக்கம் கனம் என்றார். நாங்கள் மூன்று வாரம் அலைந்தோம். கடைசியாக ஒரு நூறு சிசி வண்டியைப் பிடித்தார். பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் போல ஒரு பச்சை. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எண்ணைக் கூட்டினால் எட்டு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கடை வாசலில், பெரிய சாலையில் சேர்வதற்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்க உட்கார்ந்துகொண்டு, "ஏறிக்குங்க மாமா, ஊட்டுல உட்டர்றேன்" என்றார். ஏறிக்கொண்டேன்.

கண்ணாடி விஷயத்தை அவர் என் மகளிடம் சொல்லியிருக்க மாட்டார். சொல்லக் கூடியவர் இல்லை. நானும் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. பார்த்தேன் கண்ணு. பார்த்துவிட்டுத்தான் கவனிக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன்.