ராஜா தாவிய ஞாயிறு

எழுபதுகளின் நடுவில் டொராண்டோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இந்த வேலையா என்று கேட்காதீர்கள். ஊரில் கேட்டவர்களுக்கே நான் பதில் சொல்லவில்லை. எனக்கு எதிரே நின்று அடுக்கியவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். குள்ளம், படிய வாரிய தலை. சாப்பாட்டு இடைவேளையில் சட்டைப் பையிலிருந்து சின்ன செஸ் பலகை ஒன்றை எடுத்து வைத்து, தனக்குத்தானே ஆடிக்கொண்டிருப்பார்.

எனக்கும் செஸ் தெரியும் என்ற திமிரில் ஒருநாள் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். சாண்ட்விச்சைத் தின்று முடிப்பதற்குள் என்னைத் தோற்கடித்தார். மறுநாளும் அதே கதை. அப்புறம்தான் விசாரித்தேன், யாரய்யா நீர் என்று. மணிலாவில் முடிவெட்டும் கடை பெஞ்சில், முறைக்குக் காத்திருக்கிறவர்களோடு ஆடிப் பழகியவராம். மீசை முளைக்கும் முன்பே பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் வென்று, நாட்டின் பெயர் போட்ட சட்டையோடு தேசம் தேசமாகப் போய் ஆடி, மாஸ்டர் பட்டமும் வாங்கியவர். பள்ளிக்கூடங்களில் மேசைகளை வரிசையாகப் போட்டு ஒரே நேரத்தில் அத்தனை பேரோடும் ஆடியிருக்கிறார். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் பின்னாலேயே வந்துவிட்டார். வந்த ஊரில் மாஸ்டருக்கு வேலை இல்லை, ரொட்டி அடுக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்டேல் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு வருவார். என்னோடு வாடகையைப் பகிர்ந்துகொண்டவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மீன் பொரித்தபடியே எங்கள் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் என் ராஜா மூலையில் வசமாக மாட்டிக்கொண்டது. நான் சர்வசாதாரணமாக அதை எடுத்து, குதிரை போல ஒரு தாவு தாவ வைத்தேன்.

மாஸ்டர் பலகையையே பார்த்தார். "இது என்ன?" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். எனக்கு எல்லாம் என் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"ராஜா ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாமே. அதுவரைக்கும் செக் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அடுப்படியிலிருந்து அண்ணை, "உங்கட ராசா என்ன, மதில் பாயிறாரோ?" என்றார்.

ஊரில் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆடுவோம். போட்டிகளில் அப்படி ஒரு விதியே கிடையாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. மாஸ்டரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க ஊர் விதிப்படியே ஆடலாம்," என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே ஆடினோம். அதிலும் நான்தான் தோற்றேன். ஆனால் ராஜாவைத் தாவ வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு வரும். அதைப் பார்ப்பதற்காகவே தோற்கலாம்.

பனி உருகியதும் நகரப் போட்டி வந்தது. முதலில் வருகிறவர் தேசியப் போட்டிக்குப் போகலாம். மாஸ்டரின் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார்: ஜெயித்தால் சரி, இல்லாவிட்டால் பலகையைப் பெட்டியில் பூட்டிவிட்டு, மற்றவர்களைப் போல ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டுக்குப் போக வேண்டும். மாஸ்டரும் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். இரவு ட்யூட்டி பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. "போட்டியில ஆடிட்டு வந்தா அன்னிக்கு இவர்கிட்டேருந்து வீட்டுல பேச்சே கிடையாது. ஜெயிச்சாலும் அப்படித்தான், தோத்தாலும் அப்படித்தான்," என்று ஒருமுறை என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

கடைசி ஆட்டத்தைப் பார்க்க நானும் அண்ணையும் போனோம். எதிரே ஒரு நெட்டைக் கல்லூரி மாணவன். மாஸ்டர் ஜெயித்தே ஆக வேண்டும். ஜெயிக்கிற மாதிரியும் இருந்தது. எனக்குக்கூடப் புரிகிற அளவுக்கு அவன் காய்கள் நெருக்கடியில் இருந்தன. அப்போது மாஸ்டர் யோசனையிலேயே ராஜாவை எடுத்தார். தன் சிப்பாய் மேலே தூக்கி, குதிரை போல அழகாகத் தாவ வைத்தார்.

நெட்டையன் பலகையைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான், கையைத் தூக்கினான். நடுவர் வந்தார். தாவல் செல்லாது, ஆனால் ராஜாவைத் தொட்டாயிற்று, தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும். ராஜா போவதற்கு இருந்தது ஒரே கட்டம். அங்கே போனதும் செக் விழுந்தது, கூடவே யானையும் போனது. அப்புறம் ஆட்டம் நீடிக்கவில்லை. எங்கள் வம்சத்தில் எவன் அந்த விதியை வீட்டுக்குள் கொண்டுவந்தானோ அவனை மனசுக்குள் வைதேன். "விடும் தம்பி, அந்தாள் ஒண்டும் சின்னப்பிள்ளை இல்லை," என்றார் அண்ணை. மாஸ்டர் நெட்டையனுக்குக் கை கொடுத்துவிட்டு, எங்களுக்குத் தலையாட்டிவிட்டு, ஸ்ட்ரீட்கார் என்கிற ட்ராமில் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவர் சட்டைப் பையில் பலகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ரொட்டியை அடுக்கினேன். அந்த வாரம் என் மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது. அண்ணை உப்பு கேட்டால்கூட வள்ளென்று விழுந்தேன்.

ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வாசலில் அந்தம்மா, கையில் பலகை. பின்னால் மாஸ்டர், தப்புச் செய்த பையன் மாதிரி தொப்பியைக் கசக்கிக்கொண்டு.

"ஷிப்ட் என்னாச்சு?" என்றேன்.

"நான்தான் வேண்டாம்னு சொல்லவெச்சேன்," என்றார் அந்தம்மா. "அன்னிக்குத் தோத்துட்டு வந்தார். சமையலறைத் தரையில உக்காந்து, ராஜா எப்படித் தாவுச்சுன்னு எனக்குச் செஞ்சு காட்டினார். காட்டக் காட்டச் சிரிப்பு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, செஸ் ஆடிட்டு வந்து இவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

இருவரையும் உள்ளே அழைத்து வந்தேன். அண்ணை சத்தமில்லாமல் சட்டியில் இன்னும் இரண்டு துண்டு மீன் போட்டார். அந்தம்மா என் நாற்காலியில் உட்கார்ந்து, பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் கத்துக்குடுங்க," என்றார். "ராஜா தாவுற ஆட்டம் மட்டும் போதும். மத்தது வேண்டாம்."