ஓரம் வரை எழுதிய டிஸ்க்

டிஸ்க்கின் மேல் பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கஸ்டமருக்குப் பிடிக்கும். கீழ்ப் பக்கம் சுத்தமாக இருந்தால் மெஷினுக்குப் பிடிக்கும். இரண்டும் ஒரே டிஸ்க்கில் கிடைப்பது கஷ்டம். இத்தனை வருஷம் வீடியோ கடை வைத்து நான் கற்றது இவ்வளவுதான்.

கடை தாராவியில். ஒரு ஆள் உட்காரலாம், ஒரு ஆள் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் சாக்கடைப் பலகை மேல் நிற்க வேண்டும். முன்பெல்லாம் கல்யாண வீடியோவை டிஸ்க்கில் போட்டு, மாப்பிள்ளை பெண் படத்தை டிஸ்க் மேலேயே பிரிண்ட் செய்து கொடுப்பேன். இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் பென்டிரைவ் கேட்கிறார்கள். சிலர் அதுவும் வேண்டாம், போனில் அனுப்பு என்கிறார்கள்.

எனக்கு மிஞ்சியது சொசைட்டி மீட்டிங் வேலை. ஒரு பில்டிங் வீட்டுக்காரர்கள் சேர்ந்து வைக்கும் சங்கத்துக்கு இங்கே சொசைட்டி என்று பேர். பழைய பில்டிங்கை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றால் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிக் கை தூக்க வேண்டும். அதை ஒரு இடம் வெட்டாமல் வீடியோ எடுத்து அரசாங்க ஆபீஸில் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆபீஸில் பென்டிரைவ் வாங்க மாட்டார்கள். அதில் அழிக்கலாம், மாற்றலாம். டிஸ்க்கில் எழுதினால் எழுதினதுதான். அதனால்தான் என் கடை இன்னும் திறந்திருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் செம்பூரில் ஒரு சொசைட்டி கூப்பிட்டார்கள். பால்கனிக்கு அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த பில்டிங். செக்ரட்டரி பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. பார்க்கிங், தண்ணித் தொட்டி, மாடியில் யாரோ வளர்க்கும் புறா எல்லாவற்றுக்கும் சண்டை. கடைசியில்தான் கை தூக்கினார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு தூரத்தில் முலுண்டிலும் கல்யாண் என்கிற ஊரிலும் இருப்பவர்கள்கூட அதற்காக லீவு போட்டு வந்திருந்தார்கள்.

டிஸ்க்கில் எழுத்து நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போகும். ஓரத்தில் ஒரு விரல் அகலம் காலியாக விடுவது என் வழக்கம். மட்டமான டிஸ்க்கில் முதலில் கெடுவது ஓரம்தான். இந்த மீட்டிங் நீளம். வெட்டவும் கூடாது, இரண்டு டிஸ்க்காகப் போடவும் கூடாது. எழுத்து ஓரம் வரை போய் முட்டியது. கை தூக்கியதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருந்தது.

மேல் பக்கம் சொசைட்டி பெயரும் தேதியும் போதும் என்றேன். செக்ரட்டரி கேட்கவில்லை.

"பிள்ளையார் படம் போட்டுடு. பெரிசா."

"சார், மை ஜாஸ்தி ஆவும். மழைக்குக் காயாது."

"பிள்ளையார் இல்லாம யாராவது ஆரம்பிப்பாளா? ஃபேன் போட்டுக் காய வையேன்."

ஃபேன் போட்டுக் காயவைத்தேன். கடையில் முழுக்க ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். அவர் ஆபீஸில் கொடுத்தார். பிறகு அவரிடமிருந்து போன் வந்தது.

"என்னப்பா, உன் டிஸ்க் நின்னுடறதாம். புறா சண்டை வரைக்கும் நன்னா வரதாம். கை தூக்கற எடம் வந்ததும் சுத்திண்டே இருக்காம்."

"இங்கன ஓடிச்சே சார். பாத்துத்தான குடுத்தேன்."

"உன் கடைல ஓடினா ஆச்சா? ஆபீஸ்ல ஓடணும்."

டிஸ்க் வாங்க, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற லேமிங்டன் ரோட்டுக்குப் போனேன்.

அங்கே வழக்கமாக வாங்கும் சேட்டிடம் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். நல்ல கம்பெனிப் பெயர் போட்ட பெட்டிக்குள் வேறு எவனோ செய்த மால் இருக்கும். பெட்டியைப் பார்த்து வாங்கக் கூடாது. நான் டிஸ்க்கை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடிப்பேன். ஊசிக் குத்தல் மாதிரி வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பேன். இரண்டு தகடும் பிரிகிற மாதிரி இருந்தால் வேண்டாம். வெள்ளைப் பூச்சில் எச்சில் தொட்டு வைப்பேன். விரல் ஒட்டினால் மையைக் குடிக்கும். வழுக்கினால் குடிக்காது. சேட்டுக்கு இது பிடிக்காது.

"பாய், டிஸ்க் வாங்குறியா, பொண்ணு பாக்குறியா?" என்றான் இந்தியில். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் பாய்தான்.

"பொண்ணு சரியில்லன்னா மாமனார் வீட்டுல விட்டுட்டு வரலாம். நீ திருப்பி வாங்க மாட்ட."

சிரித்துவிட்டு உள்ளே போய் வேறு பெட்டி கொண்டு வந்தான். விலை கூட. வாங்கினேன். மெஷினில் இருக்கிற ஸ்பீடிலேயே குறைந்த ஸ்பீடு வைத்து எழுதினேன். எழுதியதை மெஷின் திரும்பப் படித்துச் சரி என்று சொன்னது. நானும் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாக் கையும் தெரிந்தது.

அதுவும் ஆபீஸில் நின்றது. அதே இடம்.

இந்தத் தடவை செக்ரட்டரி டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். பலகை மேல் குடையோடு நின்றார்.

"நன்னா துடைச்சும் குடுத்துப் பாத்தேன். ஓடலை. இன்னொரு தடவை ஓடலைன்னா மீட்டிங்கையே மறுபடியும் வைக்கச் சொல்லிட்டா. கல்யாண்காரன் இப்பவே அபிப்பிராயம் மாறிண்டிருக்கான். தெரியுமோ?"

"வேற நல்ல டிஸ்க் வாங்கிப் போடுதேன் சார்."

"இத முதல்லயே பண்ணக்கூடாதா? காலம்பற வாக்கிங்ல பக்கத்து சொசைட்டி செக்ரட்டரி எல்லாரும் என்கூடத்தான் நடக்கறா. யாரக் கூப்பிடலாம்னு என்னைத்தான் கேக்கறா. நான் என்ன சொல்றது?"

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். செம்பூரில் அந்தச் செக்ரட்டரிகள்தான் எனக்கு வேலை கொடுப்பவர்கள். ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் வேண்டாம் என்பார்கள். பிறகு கடைக்குப் பூட்டுத்தான்.

அவர் போன பிறகு டிஸ்க்கைப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சு ஓரத்தில் மஞ்சளாகியிருந்தது. பிள்ளையார் காதுப் பக்கம் மை கரைந்திருந்தது. கீழே ஓரமெல்லாம் வட்டமாகக் கோடு. இழுத்துத் துடைத்த கோடு. பூச்சு மட்டம், ஈரத்தில் பழுத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த டிஸ்க்கோடு சேட்டிடம் போனேன்.

"உன் மால் மழைக்குப் பழுக்குது" என்றேன்.

"மாங்கா விக்கிறேனா நான்?" என்றான். டிஸ்க்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். "இவ்வளவு வருஷத்துல வெள்ளை மஞ்சளாகி நான் பாத்ததே இல்ல. உன் மைதான் மட்டம்."

மை நல்ல மை. சண்டை போட்டேன். அவனும் போட்டான். கடைசியில் பீரோவைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தனி டப்பாவில் இருந்த டிஸ்க்கை எடுத்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஸ்கேன் போட்டுக் கொடுக்க வாங்குவது என்றான். எச்சில் வைத்தேன், ஒட்டியது. லைட்டில் ஒரு குத்தல் இல்லை. அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

"டிஸ்க்குதான் காரணம்னு எப்படிச் சொல்லுதீய? அந்த ஆபீஸ் மெஷினுல தூசி அடஞ்சிருந்தா?"

"மத்த சொசைட்டி டிஸ்க்கெல்லாம் அங்கனதான் ஓடுது."

"அப்ப நீங்க எழுதுனதுல கோளாறு."

"ஏட்டி, சோத்தப் போடு."

அவள் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை என் பக்கம் தள்ளினாள்.

ஆஸ்பத்திரி டிஸ்க்கில் இரண்டு காப்பி எழுதினேன். பிள்ளையாரைச் சின்னதாக்கினேன். செக்ரட்டரிக்குப் போன் செய்து, ஆபீஸுக்கு நானும் வருகிறேன் என்றேன். லேப்டாப்பும், வெளியே ஒயர் மாட்டி டிஸ்க் போடுகிற ரைட்டரும் பையில் எடுத்துக்கொண்டேன். அங்கே நின்றால் நானே ஓட்டிக் காட்டலாம் என்று நினைப்பு.

முதலில் அவர் வீட்டுக்குப் போய் ஒரு டிஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை அப்படியே தன் மனைவி கையில் கொடுத்தார். மாமி கவரிலிருந்து எடுத்துச் சாமி அலமாரிக்குப் போனார். ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள் இருந்தது. டிஸ்க்குக்கு மூலை கிடையாது. மாமி அதைத் திருப்பித் திருப்பி, நாலு மூலை என்று தானே கணக்கு வைத்து, ஓரத்தில் நாலு இடத்தில் மஞ்சள் தொட்டு வைத்தார். ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் அந்த விரலாலேயே டிஸ்க்கின் அடியையும் பிடித்துத் திருப்பினார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் வைப்பது எனக்கும் தெரியும். எத்தனை கல்யாணம் ஷூட் பண்ணியிருக்கிறேன். ஆனால் நாங்கள் சபைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் ஒரு காகிதத்துக்கும் மஞ்சள் வைத்தது இல்லை. அரசாங்க ஆபீஸுக்குப் போகிற டிஸ்க்குக்கு வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"மாமி, முன்னாடி குடுத்ததுக்கும் வெச்சீங்களா?"

"வைக்காம? வீடு கட்டற காரியமாச்சே. மொதல் தடவை தடங்கல் ஆச்சோன்னோ, அதான் ரெண்டாம் தடவை கொஞ்சம் ஜாஸ்தியாவே வெச்சேன்."

நான் செக்ரட்டரியைப் பார்த்தேன்.

"சார், அதான் நிக்குது."

"எது? மஞ்சளா? லோன் பேப்பர், பாஸ்போர்ட் பேப்பர், பையன் வேலைக்குப் போட்ட அப்ளிகேஷன், எல்லாத்துக்கும் இவ வெச்சுதான் போயிருக்கு. ஒண்ணும் நிக்கலை."

"அது பேப்பர் சார்."

"நீ கெட்ட டிஸ்க்கக் குடுத்துட்டு மஞ்சளச் சொல்றியா?"

வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்தது. ரைட்டர் போனாலும் போகட்டும் என்று, மஞ்சள் வைத்த டிஸ்க்கை அதிலேயே போட்டேன். லேப்டாப்பில் மீட்டிங் ஓடியது. பார்க்கிங் வந்தது, புறா வந்தது. கடைசிக்குத் தள்ளினேன். முலுண்ட்காரர் கையைத் தூக்க ஆரம்பித்தார். காது வரை வந்தது. நின்றது. ரைட்டர் உள்ளே கரகரவென்று சத்தம் போட்டது.

"உன் லேப்டாப் பழசு" என்றார் செக்ரட்டரி.

அதை எடுத்துவிட்டு, ரைட்டரைத் துணியால் துடைத்து, பையிலிருந்த இரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். முலுண்ட்காரர் கை முழுதாக மேலே போனது. கல்யாண்காரர் கையும் போனது. எல்லாக் கையும் போனது. தலைவர் எண்ணினார், நன்றி சொன்னார், டீ வந்தது. முடிந்தது.

மாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்போ மஞ்சள் வைக்காமலா அனுப்பறது? மனசு ஒப்பலையே."

"கவருக்கு வைங்க மாமி. உள்ள இருக்கதுக்கும் சேத்துத்தான்."

மாமி யோசித்தார். பிறகு கவரின் நாலு மூலையிலும் வைத்தார். காயும் வரை காத்திருந்து நானே டிஸ்க்கை உள்ளே போட்டேன். மஞ்சள் வைத்த டிஸ்க்கை மாமி சாமி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

ஆபீஸில் ஒரு மராட்டி அம்மா. எங்களைப் பார்த்ததும் முகம் சுளித்தார். டிஸ்க்கைப் போட்டு நேராகக் கடைசிக்குத் தள்ளினார். நான் லேப்டாப் பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைகள் மேலே போயின. அவர் வீடியோவில் டீ வருகிற வரைக்கும் பார்த்துவிட்டு, "டீக் ஆஹே" என்று மராட்டியில் சரி சொல்லி ஸ்டாம்ப் குத்தினார்.

வெளியே மழை. செக்ரட்டரி குடையை விரித்தார்.

"பாத்தியா? நல்ல டிஸ்க்கா வாங்கினா ஓடறது. மொதல்லயே வாங்கியிருக்கலாமோன்னோ?"

இவரிடம் என்ன பேச? மாமியைக் காட்டிக்கொடுத்த மாதிரியும் ஆகும்.

"சரி சார்" என்றேன்.

முதலில் கொடுத்த டிஸ்க் மஞ்சள் வைக்காவிட்டாலும் நின்றிருக்குமோ என்று இன்னும் சந்தேகம் இருக்கிறது. அது விலை குறைந்த மால்தான். இரண்டாவது நல்ல மால். அதற்காகச் சேட்டோடு போட்ட சண்டை வீண். அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் சிரித்தான். இப்போது நான் போனாலே, "பாய், மஞ்சள் தாங்குற டிஸ்க் வந்திருக்கு" என்கிறான்.

செக்ரட்டரிக்கு அடுத்த தெரு சொசைட்டியிலிருந்து வேலை வந்தது. "டிஸ்க் மட்டும் பாத்து வாங்கிப் போடச் சொன்னார் உங்க செக்ரட்டரி" என்றார்கள். மட்டமான டிஸ்க் போடுகிறவன் என்ற பேர் எனக்கு நின்றுவிட்டது. வேலையும் கையில் நின்றது, போகவில்லை.

அவர்களுக்குப் போட்ட டிஸ்க்கில் பிள்ளையாருக்குக் கீழே 'இதில் எதுவும் வைக்கக் கூடாது' என்று தமிழிலும் இந்தியிலும் பிரிண்ட் செய்து கொடுத்தேன். ஆபீஸுக்குப் போகும் முன் வாங்கிப் பார்த்தேன். அந்த எழுத்தின் மேலேயே சந்தனம் வைத்திருந்தார்கள். இன்னொரு காப்பி பையில் இருந்தது, கொடுத்தேன்.

அதற்கப்புறம் எழுதிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டேன். இப்போது கவருக்கு நானே மஞ்சள் வைத்து, ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். திறக்க வேண்டாம், எல்லாம் வெச்சாச்சு என்று சொல்கிறேன். திறப்பது இல்லை.

கடையில் மஞ்சள் கிண்ணத்தைப் பார்த்த என் மனைவி அதை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"போதகர் இந்தப் பக்கம் வந்தா என்ன சொல்லுவீய?"

"மை தீந்துட்டு, அதான் மஞ்சள்னு சொல்லுவேன்."

"மஞ்ச மையா?"

"ஆமா" என்றேன். டியூப் லைட்டைப் போட்டு அடுத்த டிஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். ஊசிக் குத்தல் இருந்தது. தள்ளி வைத்தேன்.