வாசலில் வாங்கி வைத்த தூக்குப்போசி

அக்காவின் தூக்குப்போசி என் அறையில் ஆணியில் தொங்குகிறது. ஒரு வேளைச் சோறு பிடிக்கிற, கைப்பிடி வைத்த எவர்சில்வர் பாத்திரம். மூடியோரத்தில் ஒரு நசுங்கல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு வருஷமாகியும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் நினைக்கவுமில்லை.

அக்கா சோமனூரில் விசைத்தறி ஓட்டினாள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகப் போனவன். அவள் முப்பது வருஷம் ஒரே தறிக்கொட்டகையில் நின்றவள். சும்மா சொல்லவில்லை, நின்றேதான் இருந்தாள். நான்கு தறிக்கு ஓர் ஆள். இழை அறுந்தால் ஓட வேண்டும். மதியச் சோற்றைக்கூட ஒரு கையில் ஏந்தி, கண்ணைத் தறிமேல் வைத்தபடி விழுங்குவாள். அவள் உட்கார்ந்து, மென்று, ருசி பார்த்துச் சாப்பிட்ட இடம் ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி நடக்கிற தியேட்டர். திரையில் பெயர் ஓடத் தொடங்கியதும் போசியைத் திறப்பாள். அரிசி மாவை அவித்துப் பிழிந்த சேவையைத்தான் நாங்கள் சந்தகை என்போம்; எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்த சந்தகையின் வாசம் நாலு வரிசைக்குப் போகும். அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பிட எதைத் திறந்தாலும் முதலில் இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும். நீட்டினால் ஒரு வாயாவது எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் என்ன மனத்தாங்கலோ என்று இடைவேளையில் விசாரிப்பார்கள். தறிச் சத்தத்தில் பாதிக் காது போன கூட்டம், உபசரிப்பதும் கத்தித்தான். "ஏனுங்க, ஒரு வாய் எடுத்துக்குங்க. படம் எங்கீங்க ஓடிறப் போவுது?"

இந்தப் பழக்கத்தோடுதான் நான் வெளிநாடு போனேன். ஈப்போவில் தியேட்டர் வாசலில் காகிதக் கூம்பில் கடலையும் பட்டாணியும் கிடைத்தன, விற்றவர் தமிழர். உள்ளே பக்கத்திலிருந்த சீனப் பெரியவருக்கு நீட்டினேன். இரண்டு கடலை எடுத்துக்கொண்டு, காய்ந்த கணவாய் மீன் துண்டு ஒன்றைக் கொடுத்தார். செருப்புத் தோல் மாதிரி இருந்தது. படம் முடியும்வரை மென்றேன். சிங்கப்பூரில் சோளப்பொரியை இனிப்புப் பாகில் புரட்டித் தருவார்கள். அதை நீட்டியபோது பக்கத்துப் பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். துபாயில் நீட்டுவதற்கே வழியில்லை. அங்கே ஒரு தியேட்டர் வாசலில் பையைச் சோதிக்கிற வேலை எனக்கு. வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை பெஷாவர்க்காரக் கட்டடத் தொழிலாளி ஒருவர் செய்தித்தாளில் ரொட்டி சுற்றிக்கொண்டு வந்தார். வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உறுத்தவில்லை. அடுத்த பையைத் திறக்கச் சொன்னேன்.

நான் ஊர் திரும்பியபோது அக்கா சர்க்கரை முற்றி இன்சுலின் ஊசியில் இருந்தாள். சோமனூர் தியேட்டர் நூல் கிடங்காகிவிட்டது. படம் பார்த்து வெகுநாளாயிற்று என்றாள். கோயம்புத்தூரில் ஒரு மாலுக்குக் கூட்டிப் போனேன். நான் டிக்கெட்டுக்கு நின்ற நேரத்தில் அவள் கழிவறையில் ஊசியைப் போட்டுக்கொண்டாள். போட்டால் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து. படம் தொடங்கியதும் போசியைத் திறக்கலாம் என்று நினைத்திருக்கிறாள்.

வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கு அவள் வயதுதான் இருக்கும். "ஏனுங்கக்கா, ஊட்டுச் சாப்பாடு உள்ள உடமாட்டாங்க. இங்க வெச்சுப்போட்டுப் போங்க, போறப்ப வாங்கிக்கலாமுங்க" என்றார்.

நான் சண்டைக்கு வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தினாள். "உடு சாமி. அவரு பொழப்பு அது." போசியை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். ஊசி போட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை அவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை குளிர்ந்து நனைந்திருந்தது. "கண்ணு, ஊசி போட்டுட்டேன்" என்றாள். நாக்குக் குழறியது. வெளியே ஓடினேன். சாப்பாட்டுக் கவுண்டரில் ஆறேழு பேர். "சார், லைன்ல வாங்க" என்றாள் கவுண்டர் பெண். முன்னால் நின்றவர் கையிலிருந்த குளிர்பானத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா தலை தொங்கிக் கிடந்தாள். அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் வாளி நிறைய இனிப்புச் சோளப்பொரி. அவருக்கு நீட்டத் தெரியாது. இவளுக்குக் கேட்கத் தெரியாது.

கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். கண் திறந்தாள். பின்பக்க லிஃப்டில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் படுக்கை.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்று கத்தினேன்.

"சொன்னா அவரு உடோணும். உட்டா அவரு வேலைக்கு ஆவத்து. எதுக்கு அவருக்குச் சங்கடம்?"

"அதுக்கு நீ சாவியா?"

"செத்தா போனேன்?" என்று சிரித்தாள். "போசிய வாங்கிட்டு வந்துரு."

மறுநாள் சண்டை போடத்தான் போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அதே செக்யூரிட்டி நின்றார். பின்பக்கமாக இறக்கியதால் அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ப் போசியை எடுத்துவந்தார். கழுவித் துடைத்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. படம் உட்டும் அக்கா வல்லீங்க. குப்பையில போட மனசு வல்லீங்க. நாந்தான் சாப்புட்டுப்போட்டேன். காலையிலிருந்து ஒண்ணும் சாப்புடலீங்க. சந்தகை அருமையா இருந்துச்சுன்னு அக்காகிட்டச் சொல்லுங்க."

பெஷாவர்க்காரரின் முகம் வந்து நின்றது. போசியை வாங்கிக்கொண்டேன். உங்கள் வாசலில் என் அக்கா சாகக் கிடந்தாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு இன்னொருத்தி போசியோடு வருவாள். அவளுக்காகவாவது சொல்லியிருக்க வேண்டும்.

"பரவால்லீங்க" என்றேன்.

பஸ்ஸில் மூடியைத் திறந்தேன். வெறும் போசியைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. காப்பிக் கவுண்டரில் வைக்கிற சர்க்கரைப் பொட்டலம் இரண்டு உள்ளே கிடந்தன. மூடியை ஓங்கி முன்சீட்டுக் கம்பியில் அடித்தேன். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா அதன்பின் தியேட்டருக்கு வரவில்லை. "எனக்கெதுக்கு இனி, நீயே வெச்சுக்க" என்று போசியை என்னிடமே தந்துவிட்டாள். இப்போது வீட்டில் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நீட்டுவதற்குப் பக்கத்தில் ஆளில்லை. சர்க்கரைப் பொட்டலங்கள் இன்னும் போசிக்குள்தான் இருக்கின்றன. மூடியின் நசுங்கல் நான் அடித்தது. அது அந்த வாசலில் விழுந்திருக்க வேண்டிய அடி.