எக்ஸ்ரே சிடி படிக்காத ஞாயிற்றுக்கிழமை

டாக்டர் அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். மனைவி உடை மாற்றப் போயிருந்தாள். அவளுடைய வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. பழைய எக்ஸ்ரேயிலும் அது இருந்தால் ஆறிப்போன தழும்பு, கவலை வேண்டாம். இல்லாவிட்டால் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எந்த நோயைத் தேடி என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

பழைய எக்ஸ்ரே இருந்தது. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்தபோது எடுத்தது, ஒரு சிடியில். எடுத்த கிளினிக் இப்போது இல்லை. மகளின் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. மாடிப்படிக்குக் கீழே கிடந்த எங்கள் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து மேசையில் வைத்தேன்.

சிடி சுழன்றது, முனகியது, நின்றது. சிடியைப் போடு என்று திரையில் எழுத்து வந்தது. போட்டுத்தானே இருக்கிறேன், சனியனே! வெளியே எடுத்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே முனகல்.

"என்னங்க, காலையிலேருந்து அந்தப் பெட்டியோடயே மல்லுக்கட்டுறீங்க? சாப்பிட வாங்க லா," என்றாள் மனைவி.

"பழைய படம் வேணும்னு டாக்டர் கேட்டாரு. நீ சாப்பிடு."

கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு சிடி ஒன்றைப் போட்டேன். கணீரென்று பாடியது. அப்படியானால் டிரைவ் சாகவில்லை, கண்தான் மங்கியிருக்கிறது. கிளினிக்கில் பதிந்து தரும் சிடி கடை சிடி அளவுக்கு ஒளியைத் திருப்பித் தராது. லென்ஸ் அழுக்கானால் முதலில் அதைத்தான் படிக்காது. மின்சாரத்தை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை மருந்துக் கடையில் வாங்கிய ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு, பச்சைப்பயறு அளவு லென்ஸை அழுத்தாமல் துடைத்தேன். பஞ்சு சிவந்தது. ஒரு கணம் ரத்தம் என்றே நினைத்துவிட்டேன். குங்குமம்! ஆயுத பூஜை தவறாமல் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தவள், சிடித் தட்டையும் விட்டுவைக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்குக் கிண்டல் செய்திருப்பேன்.

மூடியை மாட்டிச் சிடியைப் போட்டேன். சுழன்றது. நிற்கவில்லை. படிக்காதோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, அது படிக்கத் தொடங்கியதும் இன்னும் பயமாகிவிட்டது. கடவுளே, அந்தப் புள்ளி இருக்க வேண்டும்.

படம் வந்தது. வலது நுரையீரலின் மேல்பக்கம் தேடினேன். பெரிதாக்கித் தேடினேன். கைபேசியில் இருந்த புதுப் படத்தைப் பக்கத்தில் பிடித்துத் தேடினேன்.

ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி அவள் பின்னால் வந்து நின்றாள்.

"இதுல ஒன்னுமே இல்லையே! எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க," என்று என் தோளில் தட்டினாள். "நீங்கதான் சும்மா பயந்துக்கிட்டு இருந்தீங்க."