மரம் அறுத்த மணப்பெண்

ஷ்லேட்டன்பாஹ் ஊரின் நடுவே ஓடும் ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியதே கிடையாது. அதை நாட்டு எல்லை என்று முடிவு செய்த பெரிய மனிதர்கள் ஒருநாளாவது வந்து அதில் கால் நனைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். அக்கரை முதலாளிகளின் ஜெர்மனி. இக்கரை தொழிலாளர்களின் ஜெர்மனி. ஐம்பத்திரண்டில் முள்வேலி போட்ட அன்று எல்ஃப்ரீடாவின் அண்ணன் லோத்தர் அக்கரை மாவு மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அங்கேயே தங்கிவிட்டான். இக்கரையில் அவனுக்குத் தப்பியோடியவன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலெடுத்து வைத்தால் ஜெயில்.

பெற்றோர் போன பிறகு எல்ஃப்ரீடாவுக்கு ரத்த சொந்தம் என்று இருந்தது அவன் ஒருவன்தான். சாயங்காலமானால் அக்கரை ரோட்டில் நின்று கையசைப்பான். அங்கே யார் வேண்டுமானாலும் கையசைக்கலாம். இங்கே பதிலுக்குக் கை தூக்குவது குற்றம். அப்படித் தூக்கிய ஒரு குடும்பத்தை மறுநாளே சட்டி பானையோடு லாரியில் ஏற்றி எங்கோ தொலைவில் இறக்கிவிட்டார்கள். அதனால் எல்ஃப்ரீடா கைகளை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு நடப்பாள். வாயைத் திணிக்கப் பை இல்லை. ஓடைக்கரையில் வாத்துகளை மேய்த்தபடி, அக்கரை ரோடு வரை கேட்க அதுகளைத் திட்டுவாள்.

"ஏ தடிச்சிறுக்கி, நான் ஹார்ட்முட்டைக் கட்டிக்கறதா வாக்குக் குடுத்தாச்சு! ஜூன் மாசம் முதல் சனிக்கிழமை கல்யாணம்! அதுவரைக்கும் ஒழுங்கா தின்னு கொழு!"

எல்லைக் காவல் அதிகாரி ஷோயர்மன் அதைக் கேட்டுவிட்டார்.

"வாத்துகிட்ட என்னம்மா கல்யாணப் பேச்சு?"

"சொல்ல வேண்டாமா தோழர்? விருந்துல அதுங்கதானே சாப்பாடு."

ஷோயர்மன் சிரிக்கவில்லை. "ஒரு தடவை கை மேல போகட்டும், அப்புறம் உன் கல்யாணம் லாரியிலதான்" என்றார். அவர் அதைச் செய்யக்கூடியவர் என்று அவளுக்குத் தெரியும். வீட்டையும் விட மாட்டேன், அண்ணன் கண்ணில் படாமல் கல்யாணம் பண்ணிக்கொள்ளவும் மாட்டேன் என்று நின்றாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச அந்த ஊரில் கழுதைகூடக் கிடையாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஜோடி தேவாலயத்திலிருந்து வந்ததும், ஆளுக்கொரு பிடி பிடித்து நீள ரம்பத்தால் ஒரு மரத்தை அறுக்க வேண்டும். வழக்கமாகத் தேவாலய வாசலிலேயே அது நடக்கும். எல்ஃப்ரீடா நேராக ஷோயர்மனிடம் போனாள்.

"ஓடைக்கரையில எங்க பேரிக்காய் மரத்தை வெட்டிப் போட்டிருக்கீங்களே, பார்வைக்கு மறைக்குதுன்னு. எங்க அப்பா வெச்ச மரம் அது. கல்யாணத்துக்கு எனக்கு அதுதான் வேணும்."

"தூக்கிட்டுப் போ."

"டிராக்டருக்கே அசையாது. கிடக்கிற இடத்துலயே அறுத்துக்கறோம்."

"அங்கேயா? வேலிக்குப் பக்கத்துல?"

"கூட்டத்துக்குக் கூட்டம் உழைப்பு, உழைப்புன்னு சொல்றீங்க. கல்யாணத்தன்னிக்கும் உழைக்கிற ஜோடி நாங்க. வேண்டாம்னா எழுதிக் குடுங்க தோழர், மேலிடத்துக்கு அனுப்பிக் கேட்டுக்கறேன்."

ஷோயர்மன் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். கையசைக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, சைகை காட்டக் கூடாது. மரம் அறுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளை உடையும் ரப்பர் பூட்ஸுமாக அவள் ஓடைக்கரைக்கு வந்தாள். ஷோயர்மனும் துப்பாக்கியோடு இரண்டு பேரும் காவலுக்கு நின்றார்கள். அக்கரையில் லோத்தர் சட்டைக்கு மேல் கோட்டு போட்டு, மனைவியோடு நின்றுகொண்டிருந்தான். கிடப்பது எந்த மரம் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் இருவரும் விழுந்து எழுந்தது அதிலிருந்துதான்.

"துப்பாக்கியோட நிக்கறாங்க, எல்ஃபி" என்றான் ஹார்ட்முட்.

"நிக்கட்டும். நீ ரம்பத்தைப் பிடி. இழு!"

இழுத்தார்கள். லோத்தர் சட்டென்று திரும்பி மில் கொட்டகைக்குள் போனான். பார்க்க முடியாமல் போய்விட்டானா என்று எல்ஃப்ரீடா எட்டிப் பார்த்தாள். ஆனால் அவன் ஒரு மரத்துண்டையும் ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கோட்டைக் கழற்றி எறிந்தான். அண்ணியும் ஒரு பிடியைப் பற்றினாள். இங்கே இழுத்தால் அங்கே இழுத்தார்கள், இங்கே நிறுத்தினால் அங்கே நிறுத்தினார்கள். பேரிக்காய் மரம்தான் முதலில் இரண்டு துண்டாயிற்று.

எல்ஃப்ரீடா நிமிர்ந்து, வலது கையை நன்றாக மேலே தூக்கி, நெற்றி வியர்வையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகத் துடைத்தாள். அக்கரையில் லோத்தரும் துடைத்தான். மறுபடியும் துடைத்தாள். அவனும் துடைத்தான்.

"எவ்வளவு வியர்வைம்மா உனக்கு?" என்றார் ஷோயர்மன்.

"உழைப்பு தோழர், உழைப்பு" என்றாள். கன்னத்தில் வழிந்ததையும் அதே கையால் துடைத்துக்கொண்டாள். ஷோயர்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காவலுக்கு நின்றவர்களிடம் வாத்துக்கறி சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

பிறகு வேலி போய் ஆளுயரத்துக்கு மேல் கான்கிரீட் சுவர் வந்தது. பார்வை போயிற்று. சத்தத்துக்குச் சுவர் ஏது? வருஷா வருஷம் அவர்களுடைய கல்யாண நாளில் இங்கே ரம்பம் ஓடும், சுவருக்கு அப்பால் இன்னொன்று பதில் சொல்லும். ஒரு வருஷம் அங்கிருந்து மோட்டார் ரம்பம் உறுமியது. "முதலாளி ஆயிட்டான், சோம்பேறி!" என்று அன்று முழுக்க அவள் பெருமையாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

எண்பத்தொன்பது டிசம்பரில் சுவரில் வாசல் திறந்தார்கள். தலை நரைத்த லோத்தர் முதல் ஆளாக வந்து அவள் முன்னால் நின்றான். கட்டிக்கொள்ளக் கை நீட்டினான். அவளோ அசையாமல், கையை உயரத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே அசைத்தாள். அசைத்துக்கொண்டே இருந்தாள்.

"எல்ஃபி, பக்கத்துலதானே நிக்கறேன்."

"பேசாம நில்லு. எத்தனை வருஷத்துப் பாக்கி!"