தண்டு வழியாக வந்த சூடு

மோட்டாரின் பேரிங் மூடிமேல் நான் போட்டிருந்த ஈரச்சாக்கிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையை நினைத்தால் அந்த ஆவிதான் முதலில் கண்ணுக்கு வருகிறது.

எழுபதுகளில் ஓர் ஐப்பசி. எங்கள் காய்ந்த அருப்புக்கோட்டையில் அதிசயமாக விடாத மழை. சாயப்பட்டறை நூலை வெயிலில் போட வழியில்லை. உலர்த்தும் அறைக்குள் சூட்டுக்காற்றை ஊதும் விசிறி ஒன்றுதான் கதி. அதைச் சுழற்றும் மோட்டார் இரண்டு தடவை இறுகி நின்றுவிட்டது. இரண்டு தடவையும் பேரிங் மாற்றியவன் நான். சூடு தணியட்டும் என்று அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டவனும் நான்தான். மூன்றாம் வகுப்பு தாண்டாதவன்தான். ஆனால் எரிந்த மோட்டாரை முகர்ந்தே கோளாறு சொல்ல அன்று டவுனில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. அந்தத் திமிரில், மூன்றாம் தடவை நின்றால் என் கடை போர்டைக் கழற்றிவிடுவதாகப் பட்டறை முதலாளியிடம் வாயை விட்டிருந்தேன். தீபாவளி நூல் ஈரத்தோடு கிடந்தது. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை என்பவர் முதலாளியின் வீட்டோடு மாப்பிள்ளை. இஞ்சினியரிங் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் மாமனாரின் ஏச்சுப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர். வெளிநாட்டில் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரை உறையும் குளிரில் வைத்துச் சுழற்றுகிறார்களாம், அதில் கரண்டு சூடே இல்லாமல் ஓடுமாம் என்று ஏதோ புத்தகத்தில் படித்துச் சொல்வார். "மாப்பிள, ஐஸு மோட்டாரு வந்திருச்சா?" என்று நானே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்.

அன்றைக்கு அவர் வந்து சாக்கைத் தூக்கினார்.

"மேல குளுர வச்சா பேரிங்கோட வெளிக்கூடு சுருங்குது அண்ணாச்சி. சூடு விசிறியில இருந்து தண்டு வழியா உள்ள வருது, தண்டு வீங்குது. நடுவுல குண்டு எப்படி உருளும்?"

இரண்டு தடவையும் இறுக்கியது என் சாக்குத்தான்.

அந்தக் குளிர் மெஷினிலும் இதே தொல்லைதானாம். ரோட்டரைத் தாங்கும் தண்டே சூட்டை உள்ளே கொண்டுபோய்விடும். அதனால் தண்டைச் சன்னக் குழாயாக்கி, வழியிலேயே குளிர்ந்த வாயுவை விட்டு மறிப்பார்களாம். "நம்மளும் வழியில மறிப்போம்" என்றார். மோட்டாரை நிறுத்தி, சாய டின்னை வெட்டி, இதழ் இதழாக மடக்கி, விசிறிக்கும் பேரிங்குக்கும் நடுவே தண்டில் முடுக்கினோம். தண்டோடு சுற்றி அது சூட்டை உதறும்.

சுவிட்சைப் போட்டேன். அரைமணி நேரத்தில் இறுகுவதுதான் வழக்கம். கையைப் பேரிங் மேல் வைத்தபடி நின்றேன். அரைமணி போயிற்று. ஒருமணியும் போயிற்று. சூடு வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை.

முதலாளி வந்து என்ன செய்தாய் என்று கேட்டார். "நம்ம யோசனைதான் முதலாளி" என்றது என் வாய்.

அவர் மருமகன் பக்கம் திரும்பினார். "பாத்தீகளா, மூணாப்பு படிச்சவன் மூளைய? நீங்களும்தான் படிச்சீக."

மாப்பிள்ளை சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தார். பேரிங் மேலிருந்து நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். தை பிறப்பதற்குள் அவர் ஊரை விட்டுப் போய்விட்டார்.

இன்று என் பட்டறையில் நாலு லேத்து ஓடுகிறது. திருச்சுழி, காரியாபட்டியிலிருந்தெல்லாம் அந்தத் தகட்டை என் பேர் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். அது நான் கண்டுபிடித்ததில்லை என்று இப்போது சொல்லிப்பார்க்கிறேன். பெரியவருக்கு வயசான காலத்தில் அடக்கம் வந்துவிட்டது என்று சிரிக்கிறார்கள்.